பேணுதலுக்கு இரண்டு நிமிடம்

கொழும்பில் சூரியன் மறைவதற்கு முன்பே கண்டியில் மறைந்துவிடும். இது என் அபிப்பிராயம் அல்ல. நாங்கள் கிழக்கே இருக்கிறோம், அவர்கள் மேற்கே இருக்கிறார்கள். இடையில் இரண்டு மூன்று நிமிட வித்தியாசம். அதனால்தான் எங்கள் ஊரில் யாரும் கொழும்பு நேரத்துக்கு வரும் வானொலிப் பாங்கைக் கேட்டு நோன்பு திறப்பதில்லை. வானொலியில் பாங்கு தொடங்கும்போது எங்கள் வீடுகளில் இரண்டாவது பேரீச்சம்பழம் வாய்க்குள் போயிருக்கும்.

அந்த வருடத்து முதல் நோன்பன்று வானொலியில் பாங்கு தொடங்கியது. நடந்தது. முடியும் தறுவாய்க்கு வந்தது. எங்கள் பள்ளிவாசலில் சத்தமே இல்லை. அதற்கும் மூன்று நிமிடம் முன்னால் எதிர்மலைப் பள்ளியின் பாங்கு கெலிஓயாப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டிருந்தது. கோப்பையில் கஞ்சி ஆடை கட்டிக்கொண்டிருக்க, கையில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். சுற்றுவட்டாரம் முழுக்க நோன்பு திறந்துவிட்டது. எங்கள் ஊர் மட்டும் பசியோடு பள்ளியின் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தது. கையில் தொலைபேசி இல்லாத வீடு கிடையாது. எல்லாருக்கும் மணி தெரியும். ஆனாலும் எங்கள் பள்ளிப் பாங்குக்கு முன்னால் வாயில் ஒன்றை வைக்க யாருக்கும் மனம் வராது. எங்கள் ஊர் அப்படித்தான்.

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா.

"உன்ட மெஷின் நித்திரையா?"

அந்தப் பள்ளியில் நேரம் சொல்வது என் இயந்திரம். என் கையால் செய்தது. பாங்கு சொல்வது என் வாப்பா. இரண்டும் ஒரே நாளில் ஊமையானதுபோல் இருந்தது. கடைசியில் ஆறு முப்பதுக்கு சைரன் ஊதியது, வாப்பாவின் குரல் வந்தது. நாட்காட்டியில் ஆறு இருபத்து நாலு என்று அச்சிட்டிருந்தது. ஆறு நிமிடம். என் இயந்திரம் ஒரு மாதத்துக்கு ஒரு விநாடிகூடப் பிந்தாது.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. வாப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஓதத் தெரியும், எழுத்து தெரியாது. உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவ. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய முதல் ஆள் நான். உயர்தரத்தில் கணிதம் எடுத்த முதல் ஆள், பல்கலைக்கழகத்தின் படியில் கால் வைத்த முதல் ஆள், எல்லாம் நானே. இப்போது கண்டி நகரத்தில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இருக்கும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தண்ணீர்ப் பம்பு, பசுமைக்குடில் தெளிப்பான், பாடசாலை மணி, இவையெல்லாம் குறித்த நேரத்துக்கு இயங்கவும் நிற்கவும் செய்யும் நேரக்கருவிகளை வடிவமைப்பது என் தொழில். தூரத்திலிருந்தே தொலைபேசியால் நேரம் வைக்கக்கூடிய கருவிகள்.

ஏன் தூரத்திலிருந்து என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். வசதிக்கு என்று சொல்வேன். உண்மையான காரணம் எங்கள் பள்ளிவாசல்.

முன்பு அங்கே கொழும்பிலிருந்து வாங்கிய ஒரு நேரப் பலகை தொங்கியது. மின்சாரம் நின்று வந்தால் அது பன்னிரண்டு மணி காட்டும். வாப்பா கதிரை போட்டு ஏறி, பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு பொத்தான்களோடு மல்லுக்கட்டுவார். நான் வெளியே, கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, யன்னல் வழியாக "இடப்பக்கம் ரெண்டாவது வாப்பா, அது இல்ல, கீழ" என்று கத்துவேன். உள்ளே போய் ஒரு நிமிடத்தில் சரி செய்ய எனக்குத் தெரியும். போக முடியாது. பள்ளி நிர்வாகத் தலைவர் ஹாஜியார் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "பொம்புளப் புள்ள இவ்வளவு கிட்ட வரத் தேவையில்ல, கேட்டுக்கு அங்கால நிண்டு செல்லட்டும்" என்றார். சரி. அப்படியானால் கேட்டுக்கு அப்பால் நின்றே நேரம் வைக்கும் பலகை ஒன்று செய்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தூரத்திலிருந்து நேரம் வைக்கும் வசதி என் மூளையில் பிறந்தது அந்தக் கேட்டில்தான்.

எட்டு மாதம் எடுத்தது. கடிகாரத்துக்குள்ளே துடிக்கிற குவார்ட்ஸ் துண்டு, குளிர் கூடினாலும் பிந்தும், சூடு கூடினாலும் பிந்தும். எங்கள் பள்ளியின் கூரை தகரம். விடியற்காலையில் பல் கிட்டும் குளிர், பகலில் அப்பம் சுடலாம். அதனால் பலகைக்குள் ஒரு வெப்பமானி வைத்து, எத்தனை பாகை சூட்டுக்கு எவ்வளவு பிந்தும் என்று அளந்து, அதை அதுவே திருத்திக்கொள்ளும்படி நிரல் எழுதினேன். அளப்பதற்காகக் கருவியைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்தேன். பிறகு எங்கள் அடுப்படியில், கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு நாள். உம்மா அதற்கும் ஒரு மூடி போட்டு வைத்தா.

பலகையின் நேரத்தைத் திருத்த மூன்று தொலைபேசிகளுக்கு அனுமதி கொடுத்தேன். தலைவர் ஹாஜியாருக்கு ஒன்று. செயலாளருக்கு ஒன்று. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரில் எல்லாருக்கும் மாஸ்டர். மூன்றாவது வாப்பாவுக்கு, அவர்தான் பாங்கு சொல்லும் மோதினார் என்பதால். வாப்பாவுக்கு எழுத்து தெரியாது என்பதற்காகவே திரையில் சொற்களை வைக்காமல், பச்சை நிறத்தில் பெரிய கூட்டல் குறி ஒன்றும் சிவப்பில் கழித்தல் குறி ஒன்றும் வைத்தேன். ஒருமுறை அழுத்தினால் ஒரு நிமிடம். அந்தக் குறிகளை வைக்கச் சொன்னவர் மாஸ்டர். பேணுதலுக்காக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்ட வழி இருக்கவேண்டும் என்றார்.

பேணுதல் என்பது நல்ல சொல். சூரியன் முழுவதும் மறைந்ததில் சந்தேகம் வராமல் இருப்பதற்காகச் சற்றுப் பொறுப்பது. ஆனால் நாட்காட்டி அச்சிடுகிறவர்கள் அந்தப் பேணுதலைச் சேர்த்துத்தான் அச்சிடுகிறார்கள். இதை நான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் என் அறிவியல் விடைத்தாளுக்குச் சரி போடும்போதும் அவர் இப்படித்தான் சிரிப்பார், யாரையோ பார்த்து எழுதியிருப்பாள் என்பதுபோல.

பலகை மாட்டிய அன்று வாப்பா ஏணியில் ஏறினார். நான் கேட்டுக்கு அப்பால், வீதியில் நின்று, தொலைபேசியில் நேரம் வைத்தேன். உள்ளே சிவப்பு இலக்கங்கள் எரிந்ததை யன்னலின் ஒளியில்தான் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் வாலிபர்களின் முயற்சியால் புதிய நேரப் பலகை பொருத்தப்பட்டது என்று. எந்த வாலிபர்கள்? ஒருவரின் பெயரை எனக்குச் சொல்லட்டும். என் பெயரைச் சொல்லாததற்காகக் கோபமில்லை என்று வீட்டில் சொன்னேன். பொய் சொன்னேன்.

முதல் நோன்பின் பிரச்சினை மறுநாள் காலையிலேயே ஊரைச் சுற்றி வந்தது. பால் வாங்கப் போன உம்மாவிடம் கடையில் கேட்டார்களாம், மகள் வைத்த மணிக்கூடு இனி விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கும் பிந்துமா என்று. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, கொழும்பு நேரம் என்ன தங்கச்சி என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகம் கூடி, பலகையைக் கழற்றிவிட்டுக் கொழும்பிலிருந்து வேறொன்று எடுக்க முடிவு செய்யப் போகிறது என்று வாப்பா சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்குப் பதறியது பலகைக்காக மட்டுமல்ல. அது பிழை என்று கழற்றப்பட்டால், பிழை செய்தவள் என்று நான் இந்த ஊரில் சாகும்வரை இருப்பேன். எங்கள் ஊரில் இன்னொருவர் தன் மகளைக் கணிதம் படிக்க விடுவதற்கு முன் அந்தக் கதையைச் சொல்லிப் பார்ப்பார்.

வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே பலகையின் பதிவைத் திறந்தேன். யார் எந்தத் தொலைபேசியிலிருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு கூட்டினார், குறைத்தார் என்று அது தானாக எழுதி வைத்துக்கொள்ளும். யாருக்கும் காட்டுவதற்காக அல்ல, கோளாறு வந்தால் பார்ப்பதற்காக நான் வைத்தது. முதல் நோன்பன்று மூன்று வரிகள் இருந்தன.

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மாஸ்டரின் தொலைபேசி, இரண்டு நிமிடம் கூட்டல். நாலு ஐம்பத்தைந்துக்கு ஹாஜியாரின் தொலைபேசி, இரண்டு நிமிடம் கூட்டல். ஒருவர் கூட்டியது மற்றவருக்குத் தெரியவில்லை. திரையில் அவரவர் கூட்டியது மட்டும்தான் தெரியும். பள்ளிக்குள்ளும் பலகை நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று இறங்குமுகமாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அது நான் விட்ட குறை. பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பியது என் குறை.

மூன்றாவது வரி ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு. ஒரு நிமிடம் கூட்டல். அந்த இலக்கத்தை நான் வாசிக்கவே தேவையில்லை. அந்த சிம்மை வாங்கிக் கொடுத்தவள் நான்.

பேராதனைச் சந்தியில் பஸ் நின்றிருந்தபோது நான் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தேன். மாஸ்டர் என்னை நம்பாதது தெரிந்த கதை. ஹாஜியார் என்னை நம்பாதது தெரிந்த கதை. வாப்பாவுமா?

வேலையில் மனம் நிற்கவில்லை. ஆனால் இன்னொன்றும் உறுத்தியது. இரண்டும் இரண்டும் ஒன்றும் ஐந்து. பலகை பிந்தியது ஆறு. ஒரு நிமிடம் கணக்கில் இல்லை. என் இயந்திரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் அவர்கள் சொல்வது உண்மை. நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். நாட்காட்டி நேரங்களைப் படிக்கும் இடத்தில், எட்டு மாத வேலையின் கடைசி நாட்களில் எழுதிய ஒரு வரி இருந்தது. மக்ரிபோடு, சூரியன் மறையும் நேரத்தோடு, ஒன்றைக் கூட்டு. பக்கத்தில் குறிப்பு, என்னுடைய தமிழில்: பேணுதலுக்கு.

நான்தான். யாருக்கும் சொல்லவில்லை. எழுதியதை மறந்தும் போயிருந்தேன். மாஸ்டருக்கு வகுப்பெடுத்த அதே நான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, எங்கள் நிறுவனத்தின் சிங்கள முதலாளி எட்டிப்பார்த்து, என்ன நங்கி, நோன்பா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். ஆம் என்று சொல்லி அரைநாள் விடுமுறை எடுத்தேன்.

வீட்டில் வாப்பா லுஹர் தொழுகை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன், ஆறு ஐந்துக்கு ஏன் கூட்டினீர்கள் என்று. அவர் மறுக்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"உன்ட மெஷின் பிழைக்காது மகள். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கூட்டின?"

"பிழைச்சா ஊர் நோன்பு முழுக்க உன்ட கழுத்துல வரும். அதான் ஒண்டு." கொஞ்ச நேரம் காலைத் தடவினார். "நீ பஸ்ஸுக்கு சரியாத்தான் போவ. எண்டாலும் நான் பின்னால வந்தேன் தானே."

உயர்தரம் படித்த இரண்டு வருடமும் விடியற்காலை வகுப்புக்கு நான் இறங்கிப் போகும்போது, சுபஹ் தொழுகை முடித்த கையோடு வாப்பா இருபது அடி பின்னால் வருவார். கூட வரமாட்டார். பஸ் ஏறியதும் திரும்பிப் போவார். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்குக் கோபம் வந்தது. அந்தப் பாதையில் நாயும் இருட்டும் இருந்தன. என் நிரலில் என்ன இருக்கிறது என்று அவர் பின்னால் வந்தார்? இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் ஒரு நிமிடத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அஸருக்குப் பிறகு பதிவை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அலுவலகம் கேட்டை ஒட்டியது. வாசலுக்கு வெளியே ஒரு கதிரை போட்டார்கள். உள்ளே ஹாஜியார், மாஸ்டர், ஓரத்தில் நின்றபடி வாப்பா. மெஷின் விஷயம் பேசி முடித்தாகிவிட்டது, பிள்ளை வெயிலில் வந்திருக்கத் தேவையில்லை என்று மாஸ்டர் அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

நான் வாசித்தேன். நேரம், தொலைபேசி, நிமிடம். மாஸ்டரின் வரி வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னுடைய வரி வந்தபோது ஹாஜியார், மாஸ்டர் ஏற்கெனவே கூட்டியது தனக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் பாய்ந்தார். நீங்கள் கூட்டுவது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். வாப்பாவின் வரியையும் வாசித்தேன். குரல் மாறாமல் வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார், தொழுகை வரிசையில் ஆள் எண்ணுகிறபோது ஆட்டுவதுபோல.

அங்கே நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் விநாடிக் கணக்கில் வேலை செய்கிற நான் ஒரு நிமிடத்தை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு எப்படி எழுந்து போவது? நாலாவதாக, நிரலுக்குள் நானும் ஒன்று கூட்டியிருக்கிறேன், இன்று காலை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஹாஜியாரின் முகம் வெளிச்சமானது.

"பாத்தீங்களா மாஸ்டர், மகளே செல்றா. மெஷின்ல பிழை ஈக்கி."

ஆறில் ஒன்று என்னுடையது. அந்த ஒன்றின் மேல் மற்ற ஐந்தையும் தூக்கி வைத்தார்கள், கழுதைமேல் வைப்பதுபோல. நான் வாதாடினேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் கூட்டியதை இயந்திரம் எப்படித் தடுக்கும் என்று கேட்டேன். மாஸ்டர் சமாதானம் பேசினார். பலகையைக் கழற்றத் தேவையில்லை, இருக்கட்டும். ஆனால் தொழ வரும் ஜமாஅத்துக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். பெரிய மனிதர்களின் பெயரை நோன்பு மாதத்தில் இழுப்பது அழகல்ல. இயந்திரக் கோளாறு, சரி செய்யப்பட்டது என்று வெள்ளிக்கிழமை அறிவித்தால் போதும். யாருக்கும் குறைவில்லை.

எனக்குக் குறைவில்லையா என்று நான் கேட்டேன். ஹாஜியார் வாப்பாவைப் பார்த்து, அறிவித்தலை மோதினாரே சொல்லட்டும் என்றார். மகளின் இயந்திரம், வாப்பாவின் வாய். அது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மாஸ்டர் இரண்டு வரி எழுதினார். வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். வாப்பா பாடம் செய்துகொண்டார். அவர் ஒரு பக்கத்தை ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. ஸஹருக்கு எழுப்பினார், எழுந்தேன். கஞ்சி கொண்டுவந்தார், குடித்தேன். பேசவில்லை.

வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. நானும் உம்மாவும் முற்றத்தில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஸலாம் சொன்னார். பிறகு நிறுத்தினார். வாப்பா பாங்கில்கூட அவ்வளவு நேரம் மூச்சு வாங்கியதில்லை.

"மொத நோன்பு பிந்தினதுக்கு மெஷின் பிழை எண்டு செல்லச் சென்னாங்க. மெஷின்ல பிழை இல்ல. அது எங்கட மகள் செஞ்ச மெஷின். ஒரு நிமிஷம் நான் கூட்டின. ஜமாஅத் என்னய மன்னிக்கோணும். மத்த நிமிஷங்கள் எனக்குத் தெரியாது."

ஒலிபெருக்கி டக்கென்று நின்றது. உம்மா ஈரச் சாரனைக் கையில் பிடித்தபடி, "மத்த நிமிஷங்களாமே" என்றா. அன்றைக்கு மாலைக்குள் ஊர் முழுக்க அதே கேள்வி. வாப்பா யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் இருவரும் அன்று கடைத்தெருப் பக்கமே வரவில்லை.

நான் அவரிடம் நன்றி சொல்லவில்லை. என் பெயர் இருபது அடி முன்னால் போக, அவர் பின்னால் வந்திருக்கிறார் என்று மட்டும் புரிந்தது. அன்று கஞ்சியை நான் ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு பலகையை மாற்றினேன். கேட்டுக்கு அப்பால் நின்றபடிதான். இப்போது மணிக்குக் கீழே இன்னொரு வரி எரிகிறது, நாட்காட்டி நேரத்தில் கூட்டியது எவ்வளவு, குறைத்தது எவ்வளவு, எந்தத் தொலைபேசியிலிருந்து என்று, தொழ வருகிற எல்லாரும் பார்க்கும்படியாக. அடுத்த வாரம் ஹாஜியார் அழைத்தார்.

"அந்தக் கீழ் வரிய எடுக்கேலாதா மகள்? பள்ளிக்கு அழகா இல்ல."

எடுக்க ஏலும் என்றேன். ஜமாஅத்துல கேட்டுட்டு செல்லுங்க ஹாஜியார், அடுத்த நிமிடமே எடுக்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. அவருடைய இரண்டும் மாஸ்டரின் இரண்டும் இன்றைக்கும் ஒலிபெருக்கிக்கு வராமலே இருக்கின்றன.

அந்த வரியில் முதல்முதலாக எரிந்தது என் இலக்கம். நிரலிலிருந்து நான் எடுத்த அந்த ஒரு நிமிடத்தை, குறைத்தது ஒன்று என்று, ஒரு நாள் முழுக்க எரிய விட்டேன். ஐந்து வேளைத் தொழுகைக்கும் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். இது யாருடைய நிமிடம் என்று வாப்பாவிடம் யாராவது கேட்டால் என் மகளுடையது என்று சொல்லும்படி சொல்லி வைத்திருந்தேன். ஒருவர் கேட்டாராம். வாப்பா சொன்னாராம். கேட்டவர் பலகையை மறுபடியும் பார்த்துவிட்டு, பிழையென்றால் மட்டும் இதை மகள் செய்தது என்கிறது நிர்வாகம், செய்த அன்று வாலிபர்கள் செய்தது என்றதே என்றாராம்.

எங்கள் ஊரில் ஒருவராவது கணக்குப் பார்த்திருக்கிறார்.